பனிச்சங்கேணியிலிருந்து பனி ஊருக்கு

எங்கள் ஊரின் பெயரில் பனி இருக்கின்றது. ஊரில் பனி இல்லை. பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்துதான் பனிச்சங்கேணி என்று எங்கள் அப்பப்பா சொல்வார். பருத்தி நூல் வலை பாவித்த காலத்தில் பனிச்சங்காயை இடித்து ஊற வைத்து, அந்தச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப் போடுவார்களாம். அப்படிச் செய்தால் வலை உப்புத் தண்ணீரில் கெதியாக உக்காது. நைலோன் வலை வந்த பின் பனிச்சங்காயைத் தேடுவார் இல்லை. ஊரின் பெயரில் மட்டும் அது மிஞ்சி நிற்கின்றது.

இப்படிப் பெயரில் மட்டும் பனி வைத்திருந்த நான், 2018 ஒக்டோபரிலிருந்து மூன்று மாதம் உண்மையான பனி கொட்டும் ஊர் ஒன்றில் இருந்தேன். நோர்வே நாட்டின் தலைநகரம் ஒஸ்லோ. அதன் கிழக்கு எல்லையோடு ஒட்டியிருக்கின்ற லோரன்ஸ்கூக் என்ற நகரத்தில்தான் என் தங்கச்சி இருபது வருட நோர்வே வாழ்க்கையில் பாதிக்கு மேல் கழித்திருக்கின்றாள். அந்த ஊரைப் பற்றியும், அங்கு நான் தெரிந்துகொண்ட ஒரு விடயத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டுமா என்று பல வருடம் யோசித்தேன். தங்கச்சிதான் எழுதச் சொன்னாள்.

வீசா விண்ணப்பத்திலேயே எனக்கு முதல் தடை வந்தது. விவாகமானவரா, விவாகமாகாதவரா, பிரிந்தவரா, விதவையா என்று கட்டங்கள் இருந்தன. 2006ஆம் ஆண்டு கடைசியில் வாகரைப் பகுதியிலிருந்து சனங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் என் கணவர் காணாமல் போனார். மரணச் சான்றிதழ் எடுக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. காணாமல் போனவர் என்றே சான்றிதழ் பெறலாம் என்ற சட்டம் 2016இல் தான் வந்தது. கட்டங்களின் கடைசியில் ‘வேறு’ என்று ஒன்று இருந்தது. அதில் அடையாளம் போட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டத்தின் அர்த்தம் விளங்கும்.

ஒஸ்லோவின் விமான நிலையம் நகரத்துக்கு வெளியே கார்டர்மூன் என்ற இடத்தில் இருக்கின்றது. அங்கிருந்து ரயிலில் லில்லஸ்ட்ரோம் வந்து, ரயில் மாறி லோரன்ஸ்கூக் போனோம். லில்லஸ்ட்ரோமிலிருந்து நாங்கள் வந்த அந்தப் பாதைதான் நோர்வேயின் முதல் ரயில் பாதை. 1854இல் போட்டது. ரயில் நிலையத்தில் இறங்கியதும் மூக்கு எரிந்தது. “இது குளிரில்லை அக்கா, இது இப்பதான் தொடங்குது” என்று தங்கச்சி சிரித்தாள். அவள் எனக்காகக் கொண்டுவந்த தடித்த கோட்டின் கையில் சின்னத் தகடு ஒன்று தொங்கியது. அது என்னவென்று கேட்டேன். “கார் வெளிச்சம் பட்டா மின்னும். இருட்டுக்குள்ள ஆள் போறது தெரியணும்” என்றாள். சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை எல்லாருடைய உடுப்பிலும் அந்தத் தகடு தொங்குவதை வழி முழுதும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் அம்மாவைக் கண்டேன். அப்படியே நின்றுவிட்டேன். 2004 சுனாமியில் அம்மாவும் போனார், வீட்டிலிருந்த படங்களும் போயின. பதினான்கு வருடமாக நான் அம்மாவின் முகத்தை நினைவில் மட்டும்தான் வைத்திருந்தேன். 1998இல் தங்கச்சி கலியாணம் முடித்து நோர்வேக்கு வெளிக்கிட்டபோது கொண்டுபோன படம் அது. பக்கத்தில் என் கலியாணப் படம். அதில் என் கணவர் கழுத்து நிறைய மாலையோடு சிரித்துக்கொண்டு நிற்கின்றார். எங்கள் வீட்டு மனிதர்களின் முகங்கள் எல்லாம் கடல் கடந்து ஒரு மாடி வீட்டில் பத்திரமாக இருந்திருக்கின்றன.

ஊரைப் பற்றிச் சொல்கின்றேன். அப்போது நாற்பதாயிரம் பேர் அளவில் வாழ்ந்த நகரம் அது. ‘ஸ்கூக்’ என்றால் அவர்களுடைய பாஷையில் காடு. 1908இல் பக்கத்து நிர்வாகப் பிரிவிலிருந்து பிரிந்து தனி நகரசபை ஆனது. அப்போது தோட்டமும் காடுமாக இருந்த இடம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒஸ்லோவில் வேலை செய்பவர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டிய தேவாலயம் ஒன்று இன்னும் பாவனையில் இருக்கின்றது. கடைத்தொகுதிகள் பெரிதாக இருக்கின்றன. அதில் நடந்தால் சோமாலியப் பெண், வியட்நாம் பெண், பாகிஸ்தான் பெண் என்று உலகமே எதிரே வரும். நடுவில் நம் சனமும் தென்படும். “எந்த ஊர் நீங்க?” என்று ஓடி வந்து கேட்பார்கள். வாகரைப் பக்கம் என்றால் பலருக்குச் செய்தியில் கேட்ட பெயராக மட்டும் தெரிந்திருந்தது.

தமிழர் அந்த நாட்டுக்குப் போன கதை மீனில்தான் தொடங்குகின்றது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் அங்கே போனார். மீன்பிடித் தொழிலைப் படித்து வந்து, நோர்வேக்காரரின் உதவியோடு சீநோர் நிறுவனம் உருவாக வழி செய்தார். சீநோர் என்ற பெயரைக் கடற்கரைச் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 1980களில் எங்கள் பையன்கள் படிக்கவென்றும் தஞ்சம் கேட்டும் போனபோது, பலருக்கு வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை கிடைத்தது. தங்கச்சியின் கணவரும் அப்படிப் போனவர். அவளும் முதல் ஐந்து வருடம் அங்கேதான் இருந்தாள். பனிச்சங்கேணியில் இறால் உரித்த கை அங்கே கொட் மீனைத் துண்டு போட்டது. பிள்ளைகளின் படிப்புக்கென்று 2003இல் லோரன்ஸ்கூக் வந்தார்கள்.

இப்போது அவளுக்கு வேலை ஊரின் பெரிய வைத்தியசாலையில். ஆகுஸ் என்று சுருக்கமாகச் சொல்கின்றார்கள். புதிய கட்டடம் 2008இல் திறந்தது. சுற்றுவட்டத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சனங்களுக்கு அதுதான் பெரியாஸ்பத்திரி. அவள் அங்கே நிலம் துடைக்கத் தொடங்கி, பிறகு இரவில் மொழி படித்து, பரீட்சை எழுதி, நோயாளரைப் பராமரிக்கும் உதவியாளராகி இருக்கின்றாள். இரவு வேலைக்கு ஒன்பது மணிக்குப் போனால் காலையில் வருவாள். வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்து நித்திரையாகிப் போவாள். டிசம்பரில் சூரியன் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எழும்பி, பின்னேரம் மூன்று மணி கடந்ததும் போய்விடும். அவள் வேலைக்குப் போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். 2018இல் ஒரு பாண் முப்பது குரோனர். அப்போது எங்கள் காசுக்கு அறுநூறு ரூபாவுக்குக் கிட்ட. எத்தனையோ தடவை நான் ஃபோனில் “கூரைத் தகரம் மாத்தணும் புள்ள, கொஞ்சம் அனுப்பு” என்று கேட்டிருக்கின்றேன். அவள் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. அந்தக் காசு எந்த இருட்டுக்குள்ளால் வந்தது என்பதை அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுதான் கண்டேன்.

நான் முன்பள்ளி ஆசிரியை. ஆகவே பக்கத்திலுள்ள முன்பள்ளி ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டேன். தங்கச்சியின் சிநேகிதி அங்கே வேலை செய்ததால் அரை நாள் இருக்க விட்டார்கள். பிள்ளைகள் மழையானாலும் பனியானாலும் வெளியில்தான் விளையாடுகின்றார்கள். தலையிலிருந்து கால் வரை மூடிய உடுப்புப் போட்டுச் சேற்றுக்குள் விட்டுவிடுகின்றார்கள். கைக்குழந்தைகள் மத்தியான நித்திரையைக் கூட வெளியில் தள்ளுவண்டிக்குள்தான் கொள்கின்றன. நான் பதறிப்போனேன். அவர்கள் சிரித்தார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது கணக்கு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூவருக்கு ஒரு பெரியவர், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு பேருக்கு ஒருவர் என்று 2018 ஓகஸ்ட்டிலிருந்து சட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வயதாகும் பிள்ளைக்கு முன்பள்ளி இடம் கொடுப்பது நகரசபையின் கடமை என்பது 2009 இலிருந்து சட்டம். அந்த இடம் கிடைப்பதால்தான் அம்மா வேலைக்குப் போக முடிகின்றது. நான் முப்பது பிள்ளைகளைத் தனியே வைத்திருக்கின்றேன். கொடுப்பனவு மாதம் சில ஆயிரம் ரூபா. பிள்ளைக்கு அடிப்பது அந்த நாட்டில் 1987இலிருந்து பெற்றோருக்குக் கூடத் தடை. என் மேசையில் எப்போதும் ஓர் அடிமட்டம் இருக்கும். அது கோடு கீறுவதற்கு மட்டும் இருக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றேன். ஊருக்கு வந்த கிழமையே அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஒக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை குடியிருப்பில் உள்ளவர்கள் எல்லாரும் கூடி முற்றத்துச் சருகு கூட்டினார்கள். டாக்டரும் பஸ் ஓட்டுநரும் எங்கள் தங்கச்சியும் ஒரே மாதிரிக் கையில் விளக்குமாறு. இதற்கு ‘டுக்னாட்’ என்று பெயர். நாங்கள் சிரமதானம் என்று சொல்வது. வேலை முடிந்ததும் கோப்பியும் கேக்கும். ஒரு மூதாட்டி என் பக்கத்தில் வந்து இருந்து, இலங்கையில் எந்த இடம் என்று தங்கச்சி மூலம் கேட்டார். மட்டக்களப்பு என்றதும் அந்தப் பெயர் தெரியும் என்றார். 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபோது நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டுக் கண்காணிப்பாளர்கள் இங்கு வந்தார்களல்லவா, அந்தக் காலத்துச் செய்திகளில் கேட்டிருக்கின்றார். 2008 ஜனவரியில் அந்த உடன்படிக்கை முடிந்து, எஞ்சியிருந்த கண்காணிப்பாளர்களும் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இன்னொரு துண்டு கேக் எடுத்து என் கோப்பையில் வைத்தார்.

ஊர் முடிகின்ற இடத்தில் ஒஸ்ட்மார்க்கா என்ற பெருங்காடு தொடங்குகின்றது. தலைநகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் காட்டை எப்படி விட்டு வைத்தார்கள் என்று கேட்டேன். காட்டுக்குள் வீடு கட்டக் கூடாதென்று 2009இல் தனிச் சட்டமே போட்டிருக்கின்றார்கள். 2023இல் அந்தக் காட்டின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாகவும் ஆக்கிவிட்டார்கள். காணி யாருடையதாக இருந்தாலும் காட்டுக்குள் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம். இதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கின்றது. சொந்தக் காணிக்குள் போகவே பல வருடம் காத்திருந்த எங்களுக்கு இது கதை போலத்தான் இருக்கும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியும் நானும் அந்தக் காட்டுப் பாதையில் நடந்தோம். முதல் பனி விழுந்து ஒரு நாள் ஆகியிருந்தது. சத்தமே இல்லை. அப்போதுதான் அவள் சொன்னாள்.

“அக்கா, 2011ல நான் உங்களுக்கு ராவில ஃபோன் எடுத்தன், ஞாபகமா?”

ஞாபகம் இருந்தது. நாங்கள் மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த காலம். அழுதாள். அவர் கையை நீட்டுகின்றார் என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் இருந்தது. “ஆம்பிளை எண்டா அப்படித்தான் புள்ள. நீ சொர்க்கத்தில இருக்கிறாய். பொறுத்துப் போ. எனக்குப் பொறுக்கிறதுக்கு ஆள் கூட இல்ல” என்று சொன்னேன்.

“மறுகா ரெண்டு நாள் போச்சு. பிள்ளையளின்ட உடுப்பை ஒரு பையில போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன். ஒரு வீடு இருக்குது. எங்க எண்டு வெளியில சொல்லமாட்டாங்க. அங்க ஏழு கிழமை இருந்தன்.”

பக்கத்து நகரசபைகள் சேர்ந்து நடத்தும் பாதுகாப்பு இல்லம் அது. இரவு பகல் எந்நேரமும் போகலாம். யாருடைய கடிதமும் தேவையில்லை. காசு கேட்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கு செய்து, வழக்கறிஞரைக் காண வைத்து, வீடு தேட உதவி செய்திருக்கின்றார்கள். அவளுக்கு மொழி படிக்கச் சொன்னதும் அங்கேதானாம். ஏழு வருடமாக அவர் வேலைக்கு வேறு ஊருக்குப் போயிருக்கின்றார் என்றுதான் எங்களிடம் சொல்லி வந்தாள். நான் கேட்டதற்கெல்லாம் காசு அனுப்பிக்கொண்டு, இதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

“அந்த நேரம் எனக்கு அக்கா தேவையா இருந்திச்சு” என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு என் தோளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஊரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை இது பணக்கார நாடு, கடலுக்கடியில் எண்ணெய் இருக்கின்றது, அதனால் எல்லாம் நடக்கின்றது என்றுதான் நினைத்திருந்தேன். பணமும் காரணம்தான். ஆனால் அந்த இல்லங்கள் பணத்தால் தொடங்கவில்லை. 1978இல் ஒஸ்லோவில் பெண்கள் இயக்கத்துப் பெண்கள்தான் முதலாவது இல்லத்தைத் தொடங்கினார்கள். சம்பளமில்லாமல் முறை வைத்து இரவில் விழித்திருந்து ஃபோன் எடுத்தார்கள். ஒவ்வொரு நகரசபையும் இப்படியொரு இடத்துக்கு ஒழுங்கு செய்யத்தான் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல். இடையில் முப்பத்திரண்டு வருடம். தங்கச்சி போய்த் தட்டியது அந்தச் சட்டம் வந்து அடுத்த வருடம். உலகத்தின் முதல் பெண் பிரதமரை 1960இல் கொண்டுவந்த நாடு எங்களுடையது. நோர்வேக்கு அது 1981இல் தான் வாய்த்தது. ஆனாலும் இரவில் தட்டக்கூடிய ஒரு கதவு ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும் என்ற விடயத்தில் அவர்கள் முந்திவிட்டார்கள்.

அங்கே குறையில்லை என்று சொல்லவில்லை. அடிபடுகின்ற பெண்கள் அங்கேயும் இருப்பதால்தானே இல்லம். ஒரே மாடிப்படியில் பத்து வருடம் ஏறி இறங்கியவர்கள் பெயர் கேட்காமல் இருக்கின்றார்கள். பிள்ளைகளைச் சிறுவர் பாதுகாப்புப் பிரிவு எடுத்துவிடும் என்ற பயம் நம் பெற்றோரிடம் நிறைய. ஒஸ்லோ அம்மெருட்டில் இருக்கும் சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போனபோது, பிரிந்து வாழும் தங்கச்சியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்களையும் பார்த்தேன். நாங்கள் எங்கே போனாலும் எங்கள் ஊர் வாய் எங்களோடு வந்துவிடுகின்றது. அதே வேளை அந்நாட்டில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் படிக்கும் கலைக்கூடம் ஒன்றுக்கு அன்னை பூபதியின் பெயர். 1988இல் மாமாங்கத்தில் உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்ட எங்கள் மட்டக்களப்புத் தாயின் பெயரை அங்கு கேட்டபோது நெஞ்சு நிறைந்தது. மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போன கம்ஷாஜினி குணரத்னம் என்ற பெண் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் தெரிவானார்.

உங்கள் பிள்ளைகளை அங்கே கலியாணம் முடித்து அனுப்புவதாக இருந்தால் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். கணவரின் வீசாவில் போன பெண், கொடுமை தாங்காமல் பிரிந்தால், தனக்கென்று வதிவிட அனுமதி கேட்க நோர்வேச் சட்டம் இடம் கொடுக்கின்றது. “பிரிந்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்று வெருட்டினால் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜனவரி நடுவில் திரும்பினேன். அம்மாவின் படத்தையும் என் கலியாணப் படத்தையும் பிரதி எடுத்துத் தந்தாள். மின்னும் தகடு ஐம்பதும் வாங்கித் தந்தாள். அதை எங்கள் பிள்ளைகளின் சைக்கிளிலும் புத்தகப் பையிலும் கட்டிவிட்டேன். பொழுதுபட்ட பின் பாலத்தால் வரும்போது வாகன வெளிச்சத்தில் அவை மின்னும்.

அதே வருடம் ஒரு மழை நாளில், என்னிடம் முன்பள்ளி படித்த பிள்ளையொன்று, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய், வீங்கிய கன்னத்தோடு வந்து வாசலில் நின்றாள். “ரீச்சர், என்ன செய்யிற?” என்றாள். பழைய சொல் நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கினேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். எங்கள் நாட்டிலும் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது பன்னிரண்டு மாதம் வரை செல்லும். அடித்தவர் வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் அதில் இடம் உண்டு. பெண்கள் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கின்றது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கின்றார். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். கருத்தரங்கில் கேட்டு எழுதிய கொப்பி கூட இருக்கின்றது. ஆனால் ஒருத்தியோடு கூட நடந்து போனதில்லை.

மறுநாள் காலை அவளோடு வாகரைக்கு முதல் பஸ்ஸில் போனேன். எங்கள் ஊரில் இரவில் தட்ட ஒரு இல்லம் இல்லை. அது வரும் வரைக்கும் என் வீட்டுக் கதவு இருக்கின்றது என்று அவளிடம் சொன்னேன்.

அன்று இரவு தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் கன நேரம் பேசவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “அங்க மழையா அக்கா?” என்று கேட்டாள். ஓம், மழை என்றேன். “ஃபோனைக் கொஞ்சம் கூரைக்குக் கிட்டப் பிடிங்க” என்றாள். பிடித்தேன்.